குவில்ட் தைக்கையில் வளைவுகளில் மட்டும் தையல் விடுபடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். டொராண்டோ, ஸ்கார்பரோவில் இருக்கிறேன். அம்மாவின் பழைய மதுரைச் சுங்குடிச் சேலைகளில் ஒரு குவில்ட் (நடுவில் பஞ்சு வைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை) தைத்துவருகிறேன். சூரியகாந்தி விதை தேடிக் கொல்லைக்கு வரும் கார்டினல், சிக்கடீ, ஜங்கோ ஆகிய பறவைகளை ஜன்னலோரம் இருந்து பார்த்து வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே தையல் ஓட்டுகிறேன்.

நேர்கோட்டில் தையல் ஒழுங்காக விழுகிறது. துணியைக் கையால் நகர்த்திக் கார்டினலின் மார்பு வளைவுக்கு வந்ததும் தையல் விடுபடுகிறது. அடிப்பக்கத்தில் மேல்நூல் இமைமயிர் போல் சிறு சிறு வளையங்களாக நிற்கிறது. கொண்டையின் கூர்முனையில் நூலே அறுந்துவிடுகிறது. சேலைத்துணி மெல்லியது, பிரித்துத் தைத்தால் ஊசித்துளை அப்படியே தெரிகிறது. அதுதான் மனதை வருத்துகிறது.

வீட்டு உபயோக மின்சார இயந்திரம், பாபினை (அடிநூல் சுற்றிய உருளை) மேலிருந்து போடும் வகை. 50ஆம் எண் பருத்தி நூல், 90/14 ஊசி, நடுவில் பருத்திப் பஞ்சு விரிப்பு. டிசம்பர் முழுக்க நன்றாக ஓடியது; பொங்கலுக்குப் பிறகே இந்தக் கோளாறு.

ஊசியை மாற்றினேன். துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தி வைத்து நூலைப் புதிதாகக் கோத்தேன். பாபின் அறையின் தூசியை எடுத்தேன். மேல்நூலின் இறுக்கத்தை (டென்ஷன்) கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். துணியை நகர்த்தும் பற்கள் இறக்கியே இருக்கின்றன. வேகத்தைக் குறைத்தால் சற்றுத் தேவலை, அவ்வளவுதான்.

அடியில் சுழலும் கொக்கி ஊசியிடம் நூலைப் பிடிக்கும் நேரம் தவறியதன் அறிகுறியா இது, அல்லது காது பெரிதான டாப்ஸ்டிச் ஊசிக்கு மாறினாலே சரியாகிவிடுமா?