மூளைச்சாவை உறவினருக்கு விளக்கும் தாள்: சொல் தேவை

ஐ.சி.யூ வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்குக் கொடுக்க ஒரு பக்க விளக்கத் தாள் தயாரிக்கிறோம். சட்டப் பகுதியில் சிக்கல் இல்லை: நான்கு மருத்துவர் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை, மூளைச்சாவுச் சான்றான படிவம் 10, சான்று தருபவர் யாரும் உறுப்பு மாற்று அறுவையில் சேரக் கூடாது. இதெல்லாம் எழுதியாகிவிட்டது.

மாட்டிக்கொண்டது மூச்சுச் சோதனையில்தான். வென்டிலேட்டரைக் கழற்றி, குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் விட்டு, நெஞ்சு அசைகிறதா என்று 8 முதல் 10 நிமிடம் பார்க்கிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்தைத் தாண்டியும் மூச்சு எழாவிட்டால்தான் முடிவு. அந்த நேரத்தில் கை மடங்கலாம், விரல் துடிக்கலாம். அது தண்டுவட அனிச்சை, மூளையிலிருந்து வருவதில்லை. ஆனால் “கை அசைஞ்சுதே டாக்டர்” என்று மகள் கேட்டால் “அனிச்சை” என்ற சொல் எடுபடாது.

இன்னொன்று, வென்டிலேட்டர் மாட்டியிருக்கும்போது நடப்பது: டிரிகர் அளவு (நோயாளியின் மூச்சு முயற்சியை உணரும் அமைப்பு) மிக நுண்ணியதாக இருந்தால் இதயத் துடிப்பின் அதிர்வையே மூச்சென்று எடுத்து வென்டிலேட்டர் காற்றுத் தள்ளும். திரையில் நோயாளி தானே மூச்சு விடுவதுபோலத் தெரியும்.

வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்களே, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்களே: இந்த இரண்டையும் எந்தச் சொற்களில் சொல்கிறீர்கள்? ‘கோமா’ வேறு, இது வேறு என்பதை எப்படிப் பிரிக்கிறீர்கள்? பேசுகிற வாக்கியமாகவே எழுதுங்கள். உறுப்பு தானம் பற்றி இந்தத் தாளில் ஒரு வரியும் வராது. அந்தப் பேச்சு சாவை அறிவித்த பிறகு, தனியாக.