ஒபாமாகேர் கணக்கு: மாடலை நம்பிச் சட்டம் போடலாமா?

டெக்சாஸ் முருகு:
2010-இல் ஒபாமாகேர் என்னும் மருத்துவ இன்சூரன்ஸ் சட்டம் வந்தபோது அமெரிக்கக் காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் (சி.பி.ஓ.) கம்ப்யூட்டர் மாடலை ஓட்டி, 2016-இல், தனியார் இன்சூரன்ஸை மானியத்தோடு வாங்கும் புதுச் சந்தையில் 2 கோடிப் பேருக்கு மேல் இருப்பார்கள் என்றது. இருந்ததோ சுமார் 1 கோடி. எஸ்டிமேட்டில் இப்படிப் பிசகும் மேஸ்திரியை அடுத்த வீட்டுக்குக் கூப்பிடுவோமா? ஆனால் மசோதா எது வந்தாலும் இவர்கள் எண்ணைத்தான் முதலில் கேட்கிறார்கள். இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பது என் கட்சி.

எண்கணியன்:
முருகு, ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 2016-இல் 65 வயதுக்குட்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு இன்சூரன்ஸ் இருக்காது என்றும் அவர்கள்தான் 2012-இல் திருத்திய கணக்கில் சொன்னார்கள், நிஜத்தில் சுமார் 10. எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்பது சரி, எந்த வாசல் வழியாக என்பதில்தான் தவறு. இது ஜோசியம் இல்லை. சர்வேயில் உள்ள குடும்பங்களை எடுத்து, இந்த வருமானம், இந்த வயது, பிரீமியம் இவ்வளவு, மானியம் இவ்வளவு என்றால் வாங்குவார்களா மாட்டார்களா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோமே: 2017 மே 4 அன்று பிரதிநிதிகள் சபை, ஒபாமாகேரை ரத்து செய்யும் திருத்திய மசோதாவை, அதற்கு சி.பி.ஓ. கணக்கு வருமுன்பே 217-213 என்று நிறைவேற்றியது. மே 24 அன்று வந்த கணக்கு, 2026-இல் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் 2 கோடியே 30 லட்சம் கூடுவார்கள் என்றது. எனக்கு அந்த அவசரம்தான் பயம்.

டெக்சாஸ் முருகு:
அவசரம் தப்பு, சரி. ஆனால் அபராதக் கதையைப் பாருங்கள். இன்சூரன்ஸ் வாங்காதவர்களுக்கான அபராதத்தை எடுத்தால் 2027-இல் 1 கோடியே 30 லட்சம் பேர் கூடுதலாக இன்சூரன்ஸ் இல்லாமல் இருப்பார்கள் என்று 2017 நவம்பரில் சொன்னார்கள். 2019-இல் அபராதம் பூஜ்யம் ஆனது. சந்தையில் பதிந்தவர்கள் 1 கோடியே 18 லட்சத்திலிருந்து 1 கோடியே 14 லட்சம் ஆனார்கள், அவ்வளவுதான். அபராதத்தின் தாக்கத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து 2018-இல் அவர்களே திருத்திக்கொண்டார்கள். மனிதர் எதற்குப் பயப்படுவார் என்ற ஊகம்தான் உள்ளே இருக்கிறது, வெளியே வரும்போது எண்ணாக வருகிறது.

எண்கணியன்:
ஊகம் என்று எழுதி வைத்ததால்தானே திருத்த முடிந்தது? அரசியல்வாதி மனசுக்குள் வைத்திருக்கும் ஊகத்தை யார் திருத்துவது?

நைட் டியூட்டி:
நானும் டெக்சாஸ்தான், எமர்ஜென்ஸியில் நர்ஸ். மெடிக்கெய்டை, அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸை, விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இங்கே விரிவாக்கவே இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மெடிக்கெய்ட் கிடைக்கும் என்று நம்பி எழுதிய சட்டம், அதனால் அவர்களுக்குச் சந்தையில் மானியமும் கிடையாது. மாத்திரையை நிறுத்திவிட்டு, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிய பிறகு வந்து படுப்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன். மாநிலங்கள் மறுத்தால் என்ன என்று 2010-லேயே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? எண்கணியன், உங்கள் மாடலிடம் நான் கேட்பது அதுதான்.

எண்கணியன்:
நியாயமான கேள்வி, 2010-இல் அப்படி ஓட்டவில்லை. ஆனால் தீர்ப்பு ஜூன் 28, ஜூலை 24-க்குள் புதுக் கணக்கு வந்துவிட்டது: 2022-இல் மெடிக்கெய்டில் 60 லட்சம் பேர் குறைவார்கள், அதில் பாதிப் பேர் சந்தைக்குப் போவார்கள், மீதி 30 லட்சம் பேருக்கு எதுவும் இருக்காது என்று. உங்கள் வார்டுக்கு வருபவர்கள் அந்த 30 லட்சத்தில் இருப்பவர்கள்தான்.

டெக்சாஸ் முருகு:
அப்புறம்? அந்த 30 லட்சம் 2012-லேயே தெரிந்தும் எங்கள் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் ஒருவரும் அசையவில்லையே.