சிறிய பாய்மரப் படகு வெறும் பயிற்சிப் படிதானா?

கேள்வி:
வணக்கம். ஒருவர் மட்டும் ஓட்டும் சிறிய பாய்மரப் படகில் பயிலத் தொடங்கி ஆறு மாதங்களாகின்றன. ஒரு பாய், ஒரு சுக்கான், கையில் ஒரு கயிறு, அவ்வளவுதான். ஆயினும் பாயில் காற்று நிறைந்து படகு கரையை விட்டு நகரும் கணத்தில் எழும் மகிழ்ச்சி இன்றுவரை சிறிதும் குறையவில்லை. உடன் பயின்றவர்களோ அறையும் இயந்திரமும் கொண்ட பெரிய படகுகளுக்கு மாறிவிட்டார்கள். பல ஆண்டுகள் ஓட்டினாலும் கற்பதற்குச் சிறிய படகில் ஏதேனும் மிஞ்சியிருக்குமா? அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இருபது ஆண்டுகளாகச் சிறிய படகையே ஓட்டி வருகிறேன். இன்னும் கற்று முடித்தபாடில்லை. 1971இல் அறிமுகமான லேசர் என்னும் ஒற்றைப் பாய்ப் படகின் உடல் 60 கிலோவுக்கும் சற்றுக் குறைவான எடையே கொண்டது. ஓட்டுபவர் பெரும்பாலும் அதைவிடக் கனமானவர் என்பதால், அவர் ஒரு சாண் நகர்ந்து அமர்ந்தாலும் படகின் போக்கு மாறிவிடுகிறது. 1996 முதல் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுவரும் அந்தப் படகைப் பயிற்சிப் படி என்று எவ்வாறு ஒதுக்க முடியும்?

எனக்கு மிகவும் பிடித்தது காற்றை எதிர்த்து ஏறுவதுதான். காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் எந்தப் பாயும் இழுக்காது. ஆகவே இடமும் வலமுமாக மாறி மாறித் திரும்பித்தான் முன்னேற வேண்டும். அப்போது நீரின் மேல் கருமையாகப் படர்ந்து வரும் சிற்றலைகளைக் கண்டு, வலுத்த காற்று வந்து சேர்வதற்கு முன்பே உடலை வெளியே சாய்த்துக் காத்திருந்து, அது பாயைத் தொட்டவுடன் படகு கவிழாமல் முன்னோக்கிப் பாய்வதை உணர்வதற்கு ஈடான இன்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுமொழி 2:
நான் பெரிய படகுக்கு மாறியவன், அதற்காக வருந்தவில்லை. குடும்பத்துடன் இரவுப் பயணம் செல்வது சிறிய படகில் இயலாது. ஆனால் முன்பு கன்னத்தில் உணர்ந்த காற்றை இப்போது கருவியின் திரையில் பார்க்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுமொழி 3:
கற்பதற்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்டீர்கள். காற்று மெலிந்த ஒரு நாளில் சுக்கானைப் பயன்படுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். படகைப் பாய் இருக்கும் பக்கமாகச் சாய்த்தால் அது காற்றை நோக்கித் திரும்பும். உங்கள் பக்கமாகச் சாய்த்தால் காற்றிலிருந்து விலகும். இதுவரை சுக்கானைக் கொண்டு படகுடன் எவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறோம் என்பது அன்று புரியும். எனக்கு அது எட்டாம் ஆண்டில்தான் புரிந்தது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இதற்காகச் சுக்கானைக் கழற்றிவிட வேண்டுமா?

மறுமொழி 3:
தொடக்கத்தில் வேண்டாம். நடுவில் நிற்குமாறு அதைக் கயிற்றால் தளர்வாகக் கட்டி, படகின் அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகையைப் பாதியளவு மேலே தூக்கிவிடுங்கள். உயிர்காப்பு அங்கி அணிந்து, துணைக்கு இன்னொரு படகு அருகில் இருக்கும்போது மட்டும் முயலுங்கள்.