டீஃபன்பேக்கர் ஏரிக்கு அப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போறோம், எந்தப் பக்கம் போறது நல்லது?

பவானிக்காரன்:

வணக்கமுங்க. கனடாவுல சஸ்கடூன் வந்து மூணு வருஷம் ஆச்சு, ஆனா இன்னும் டீஃபன்பேக்கர் ஏரிப்பக்கம் எட்டிப் பாக்கலை. இப்ப அப்பாவும் அம்மாவும் சத்தியமங்கலத்துல இருந்து வந்திருக்காங்க, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் இருப்பாங்க. அப்பா சின்ன வயசுல இருந்தே பவானிசாகர் டேம்ல தூண்டில் போட்டவரு, இங்க வந்ததுல இருந்து "எங்க பாத்தாலும் கனோலாவும் கோதுமையுமா இருக்குதே, இவங்களுக்கெல்லாம் தண்ணி எங்கிருந்து வருது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. அம்மாவுக்குப் பறவைன்னா உயிரு, பின்வாசல்ல உக்காந்து மேக்பைக்கு சோறு வெச்சுக்கிட்டு இருக்காங்க.

ஜூலை ரெண்டாவது வாரக்கடைசி போலாம்னு இருக்கோம். மேப்ல பாத்தா ஏரி 225 கிலோமீட்டர் நீளம்னு போட்டிருக்கு, எந்த முனைக்குப் போறதுன்னே புரியல. அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. பொண்ணுக்கு ஆறு வயசு, அவளுக்கு மணலும் தண்ணியும் இருந்தாப் போதும். அப்பா மீன் புடிக்கணும்ங்கறாரு, அவருக்கு 68 வயசு, பெரியவங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, நெஜமா? அப்புறம் காத்தடிச்சு ஊதற ரப்பர் போட் ஒண்ணு வாங்கலாமான்னு யோசனை. போனவங்க யாராச்சும் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

கரைமேட்டுக்காரர்:

முதல் தடவைன்னா நேரா கார்டினர் டேமுக்குப் போங்க, சஸ்கடூன்ல இருந்து தெக்க 100 கிலோமீட்டர்தான். அங்கயே டேனியல்சன் மாகாணப் பூங்கா இருக்கு, வண்டிக்கு ஒரு பெர்மிட் எடுத்துக்கணும், மாகாணப் பூங்கான்னு பேர் போட்ட எல்லா இடத்துலயும் அது வேணும்.

உங்கப்பா கேக்குற கேள்விக்கு பதில் அந்த அணை மேல ஏறி நின்னாலே கிடைச்சிடும் சார். ராக்கி மலையில உருகுற பனி பக்கத்து மாகாணம் ஆல்பர்ட்டாவத் தாண்டி சவுத் சஸ்கட்செவன் ஆத்துல வந்து இங்க தேங்குது. 1959ல வேலைய ஆரம்பிச்சு 1967ல திறந்தாங்க, முழுக்க மண்ணால கட்டின அணை, 64 மீட்டர் உசரம், 5 கிலோமீட்டர் நீளம். பவானிசாகரும் மண் அணைதான், நீளத்துல இதை மிஞ்சிடும், ஆனா இங்க அடிப்பக்கம் அகலம் மட்டும் ஒண்ணரை கிலோமீட்டர், அதனால மேல நின்னு பாத்தா அணை மாதிரியே தெரியாது, புல்லு மொளைச்ச ஒரு நீள மேடு மாதிரி சாஞ்சு எறங்கிட்டே போகும். அடியில இருக்கிற களிப்பாறை ரொம்ப லூசு, வழுக்கிடும், அதுக்குத்தான் இவ்வளவு அகலமாப் போட்டிருக்காங்க. ஏரியோட தென்கிழக்குக் கையில கப்பெல் ஆத்து மேல இன்னொரு அணை இருக்கு, அதுவும் இல்லேன்னா தண்ணி அந்தப் பள்ளத்தாக்குல வழிஞ்சு ஓடிடும். அந்த வழியா அளந்து விடுற தண்ணியதான் ரெஜைனாவும் மூஸ் ஜாவும் குடிக்குது, நீங்க சஸ்கடூன்ல குடிக்கிறது இந்தப் பக்கம் ஆத்துல வர்றது. அப்பாகிட்ட ஒரு டம்ளர் குழாய்த் தண்ணியக் குடுத்து இதச் சொல்லிப் பாருங்க, சந்தோஷப்படுவாரு.

அம்மாவுக்கு அணைக்குக் கீழ, மின் நிலையத்துல இருந்து தண்ணி வெளிய வர்ற இடம். கார்ல இருந்தபடியே பாக்கலாம். அங்க கூழைக்கடா கூட்டமா இருக்கும், நம்ம ஊர்ல பாக்குற சாம்பல் கூழைக்கடா இல்ல, சுத்த வெள்ளை, றெக்கையோட ஓரம் மட்டும் கருப்பு, விரிச்சா ஒம்பது அடி கிட்ட வரும். பத்துப் பன்னெண்டு சேந்து அரைவட்டமா நீந்தி மீன கரையோரமா ஓட்டிட்டுப் போய் எல்லாம் ஒரே நேரத்துல தலைய உள்ள விடும். நான் அதப் பாத்துக்கிட்டு மதியச் சாப்பாட்டையே மறந்துட்டேன். குளிர்காலத்துலயும் அந்த இடம் உறையாது, மைனஸ் முப்பதுல வாத்தும் கழுகும் அங்கதான் இருக்கும்.

மூஸ்ஜா மாமி:

தம்பி, ரப்பர் போட் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நாங்கள் ஆறு வருஷத்துக்கு முன்னம் அப்பிடித்தான் ஒண்டைக் கொண்டு போனனாங்கள். காலமை கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி, பத்தரைக்குப் பிறகு மேற்கால காத்து எழும்பிச்சுது, பள்ளத்தாக்கு நீளத்துக்குக் காத்து வாற படியா கொஞ்ச நேரத்துக்குள்ள கடல் மாதிரி அலை. அவரும் என்ர மூத்த மகனும் போட்டுக்குள்ள, துடுப்புப் போட்டாலும் கரைக்கு வரேலாமல் எதிர்க்கரைப் பக்கமா இழுபட்டுக்கொண்டு போச்சினம். நல்ல காலம் ஒரு மீன்பிடிப் போட்காரர் கண்டு கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தவர். ரெண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தவை, அது ஒண்டுதான் எங்களைக் காப்பாத்தினது. நான் கரையில நிண்டு கத்தின கத்து இண்டைக்கும் எனக்குக் கேக்குது.

பிள்ளைக்கு மணல் வேணுமெண்டால் எல்போ ஊருக்குப் பக்கத்தில இருக்கிற டக்ளஸ் பார்க்குக்குப் போங்கோ. நல்ல வடிவான கரை, தள்ளி உள்ளுக்கு உண்மையான மணல் மேடுகளும் இருக்கு, ஆனா அம்மான்ர முழங்காலுக்கு அந்த நடை சரிவராது, கரையோட இருந்திடுங்கோ. நீலப்பச்சைப் பாசி வாற காலம், தண்ணிக்கு மேல பச்சைப் பெயின்ட் ஊத்தின மாதிரி இருந்தால் பிள்ளையை இறக்க வேண்டாம். மண் கரை செங்குத்தா நிக்கிற இடங்களில விளிம்புக்குப் போக வேண்டாம், அலை அடியில அரிச்சு அரிச்சு இடிஞ்சு விழுறது.

எல்போவுக்குப் போனால் மிஸ்தசேனி கல்லுத் துண்டையும் பாருங்கோ. படுத்திருக்கிற எருமை மாதிரி 400 தொன் பாறை, க்ரீ எண்ட பூர்வகுடி ஆக்களுக்குக் கோயில் மாதிரி. வழியில தவறி விழுந்த ஒரு குழந்தையை எருமையள் வளர்த்து, அவன் பெரியாளானாப் பிறகு மனிசரோடையும் சேரேலாமல் எருமையளை விட்டும் போகேலாமல் கல்லாப் போனான் எண்டு கதை. ஏரி நிரம்ப முதல் அதை நகர்த்த வேணுமெண்டு கனபேர் பாடுபட்டவை, காசு காணேல்லை, 1966 டிசம்பரில டைனமைட் வைச்சு உடைச்சுப்போட்டினம். மிச்சம் தண்ணிக்குள்ள கிடக்கு. கோயிலையும் ஊரையும் விட்டுப்போட்டு வந்த ஆக்கள் நாங்கள், அந்தத் துண்டுக்கு முன்னால நிண்டு எனக்கு அழுகை வந்திட்டுது.

நேரமிருந்தால் ரிவர்ஹர்ஸ்ட் ஃபெரியிலயும் ஏறுங்கோ, காரோட ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போய் விடுவினம், காசில்லை. பனிக்காலத்தில அதே இடத்தில ஐஸுக்கு மேலால ரோட்டுப் போடுவினம்.

ஆள்காட்டி:

எல்லாரும் நல்லா சொல்லிட்டீங்க, ஆனா நான் சொல்லப்போறத மட்டும் தயவுசெஞ்சு மறந்துடாதீங்க. ஜூலைல அந்தக் கரையில நீங்க போற தட்டையான மணல், கூழாங்கல் மேல பைப்பிங் ப்ளோவர்னு ஒரு சின்னப் பறவை குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கும். அழிஞ்சிட்டு வர்ற பறவை, கனடாவுல அதுக்கு மிச்சம் இருக்கிற முக்கியமான இடங்கள்ல இந்த ஏரிக்கரையும் ஒண்ணு.

நம்ம ஊர் ஆள்காட்டிக் குருவி தெரியும்ல, பொட்டல்ல கல்லோட கல்லா நாலு முட்டை வெச்சுட்டு பக்கத்துல போனா கத்தி ஊரக் கூட்டும். இது அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. உள்ளங்கைல அடங்குற சைசு, காஞ்ச மணல் கலரு, கழுத்துல ஒரே ஒரு கருப்புப் பட்டை, ஆரஞ்சு கால். நிக்கும்போது கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஓடினாத்தான் தெரியும், ஓடும், டக்குனு நிக்கும், மறுபடி காணாம போயிடும். கழுத்துல ரெண்டு பட்டை இருந்தா அது கில்டீர், அது நெறைய இருக்கு. ரெண்டுமே நீங்க கிட்டப் போனா றெக்கை ஒடிஞ்ச மாதிரி தரையில இழுத்துக்கிட்டு நடிக்கும், பாவம் அடிபட்டுச்சுன்னு பின்னாடியே போயிடாதீங்க, அப்படி நடிச்சா கூடு உங்க காலடியில எங்கயோ இருக்குன்னு அர்த்தம், வந்த தடத்துலயே திரும்பி வந்துடுங்க.

இதுக்கு மனுஷன விட பெரிய ஆபத்து ஏரியேதான். ஆறா இருந்தா வெள்ளம் வந்து வடிஞ்ச பிறகு மணல் திட்டு கிடைக்கும், இங்க கதை தலைகீழ், மே மாசம் ஏரி இறங்கிக் கிடக்கும்போது அகலமான கரை தெரியுது, இது நம்பி முட்டை வெக்குது, அப்புறம் மலைப் பனி உருகி ஜூன் ஜூலைல தண்ணி ஏற ஏற கூடு முழுகுது. அணையில இருக்கிறவங்களுக்கும் இது தெரியும், ஆனா வெள்ளம், பாசனம், கரண்டு, குடிதண்ணி எல்லாத்தையும் வெச்சுத்தான் அவங்க திறக்கணும், மூடணும். தண்ணியை நம்மால நிறுத்த முடியாது, கால எங்க வெக்கிறோம்ங்கறத பாத்துக்க முடியும். கரையில வண்டி ஓட்டாதீங்க, நாய அவுத்து விடாதீங்க, கயிறு கட்டின இடம் இருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க. பார்க்ல குளிக்கிறதுக்குன்னு விட்ட பீச்லயே பொண்ண விளையாட விடுங்க. அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் பைனாகுலரும் குடுத்து தள்ளி உக்கார வெச்சா அவங்களத் தேடி எல்லாம் வரும், முட்டி வலிக்கே வேலை இல்ல.

பிக்கரல் பித்தன்:

மீன் விஷயம் நான் சொல்றேன் அண்ணே. ஆபீஸ்ல சொன்னது பாதிதான் சரி, 65க்கு மேல லைசென்ஸ் வேண்டாம்ங்கறது சஸ்கட்செவன் மாகாணத்துல குடியிருக்கிறவங்களுக்கு, அப்பா விசிட்டர், அவருக்கு எடுத்தே ஆகணும். ஆன்லைன்லயே எடுக்கலாம், ஒரு நாளைக்கு, மூணு நாளைக்குன்னு கிடைக்கும். உங்களுக்கும் தனியா ஒண்ணு வேணும், பொண்ணுக்கு வேண்டாம். முக்கியமா முள்ளு இல்லாத கொக்கிதான் போடணும், இருந்தா கட்டிங் ப்ளேயர்ல நசுக்கி விட்டுருங்க. எத்தனை மீன் எடுக்கலாம்ங்கறது அந்த வருஷத்து கைடுல இருக்கும், பாத்துட்டுப் போங்க.

வால்ஐ (walleye)ன்னு புக்ல போட்டிருக்கிற மீனத்தான் இங்க பிக்கரல்னு சொல்லுவாங்க, குழம்புக்கு அதுதான் ராஜா, சதை உடையாது. ஜாக்ஃபிஷ் மாட்டினா வறுக்கலாம், ஆனா நடுவுல ஒய் மாதிரி கவை முள்ளு, குழந்தைக்குக் குடுக்கும்போது பாத்து. ரெயின்போ ட்ரவுட்டும் இருக்கு. 2000ல ஒரு மீன் பண்ணையோட கூண்டு கிழிஞ்சு ஏரிக்குள்ள தப்பிச்ச ட்ரவுட் எல்லாம் இனப்பெருக்கம் பண்ண முடியாத வகை, அந்த சக்தியெல்லாம் உடம்புக்கே போய் எக்கச்சக்கமா வளந்துச்சு, 2009ல 48 பவுண்டுல ஒண்ணு பிடிபட்டு உலக சாதனையாச்சு. கரையில நின்னு போடுறதுன்னா விடியக்காலைலயே போங்க, அப்ப காத்தும் இருக்காது.

பவானிக்காரன்:

போயிட்டு வந்துட்டோமுங்க, எல்லாருக்கும் கோடி நன்றி. ரப்பர் போட் வாங்கல மாமி. அஞ்சு மணிக்கே கிளம்பி டேமுக்குப் போனோம், அப்பா மேட்டு மேல நின்னு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "இதுல எத்தன டிஎம்சி நிக்கும்"னு கேட்டாரு, கணக்கு போட்டோம், 330 கிட்ட வருது. தூண்டில்ல ரெண்டு பிக்கரல் மாட்டுச்சு, சாயங்காலம் அம்மா குழம்பு வெச்சாங்க, உடையவே இல்ல.

அடுத்த நாள் டக்ளஸ்ல பொண்ணு தண்ணியில, அம்மா நாற்காலியில. பைனாகுலர் மடியிலயேதான் இருந்துச்சு, வெறுங்கண்ணுல பாத்துட்டு "கண்ணு, அங்க ஒரு கல்லு நடக்குது பாரு"ன்னாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல. கூட அஞ்சு நிமிஷம் உக்காந்த அப்புறம்தான் தெரிஞ்சுது, ஒரு பட்டை, ஆரஞ்சு கால், அதுக்குப் பின்னால பஞ்சு உருண்டை மாதிரி ரெண்டு குஞ்சு, ஓடறது, நிக்கறது, ஓடறது. பொண்ணக் கூப்புட்டா ஓடி வருவான்னு அம்மா கூப்புடவே விடல, அங்கிருந்தே கையக் காட்டி மெதுவா வரச் சொன்னாங்க. அதுங்க தாண்டிப் போற வரைக்கும் நாங்க நாலு பேரும் அசையல.

இப்ப ஒரு கேள்வி. செப்டம்பர் கடைசில இங்க சாண்ட்ஹில் க்ரேன்னு ஒரு பெரிய கொக்கு ஆயிரக்கணக்குல எறங்கும், கூட ஹூப்பிங் க்ரேனும் வரும்னு பார்க்ல ஒருத்தர் அம்மாகிட்ட சொல்லிட்டாரு. அம்மா டிக்கெட்ட ஒரு மாசம் தள்ளிப் போடச் சொல்றாங்க. தள்ளிப் போடலாமா?

ஆள்காட்டி:

போடுங்க. 1941ல காட்டுல மொத்தமே 20 சொச்சம்தான் மிஞ்சின பறவை அந்த ஹூப்பிங் க்ரேன், இப்ப 500க்கு மேல ஆயிருக்கு, வடக்க வுட் பஃபலோ தேசியப் பூங்காவுல குஞ்சு பொரிச்சு டெக்சாஸ் போற வழியில நம்ம வயக்காட்டுல எறங்குது. அறுவடை முடிஞ்ச வயல்ல விடிகாலைல தேடுங்க, கார விட்டு எறங்காம பாருங்க, எறங்கினா பறந்துடும். அஞ்சடி உசரம், வெள்ளை வெளேர்னு நிக்கும். அம்மாவுக்கு நல்ல ஜாக்கெட் ஒண்ணு வாங்கி வெச்சுடுங்க, அந்த நேரத்துக் காலைல பூஜ்யத்துக்குக் கீழ போகும்.