சித்தூர் தாலுகா பக்கம் தமிழில் பேசும் குடிமீட்புக் கூட்டம் எங்கே நடக்கிறது?

தோப்புவேலை (கொழிஞ்சாம்பாறை அருகில்):
பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோரக் கிராமம் எங்களுடையது. இருபது ஆண்டுகள் குடித்த நான், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றேன். குடியை நிறுத்தி இன்றோடு 43 நாட்கள் ஆகின்றன. அங்கே எங்களைக் குழுவாக உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு மருந்தைவிடப் பெரிய பலமாக இருந்தது. ஆனால் பேச்செல்லாம் மலையாளத்தில். எனக்கு மலையாளம் கேட்டால் புரியும், சந்தையில் விலை பேசவும் வரும். என் மகளின் கம்மலை அடகு வைத்துக் குடித்ததை அந்த மொழியில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கூட்டமும் இல்லை. நான் வேலை செய்வது கள் இறக்கும் தென்னந்தோப்பில். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தமிழில் பேசக்கூடிய கூட்டம் பக்கத்தில் எங்காவது நடக்கிறதா? உள்ளூரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் நல்லதுதான்.

பொள்ளாச்சிக்காரர்:
தம்பி, 43 நாட்கள் என்று எண்ணிச் சொல்கிறீர்களே, அதுவே எனக்கு நம்பிக்கை தருகிறது. நான் குடியை விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் வாரம் ஒரு கூட்டத்திற்குப் போகிறேன்.

நீங்கள் தேட வேண்டியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசியதிலிருந்து வளர்ந்தது அது. இன்றும் வேலை அதே பேச்சுதான். கட்டணம் கிடையாது, முகவரி கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த விருப்பம் இருந்தால் போதும். பல ஊர்களில் தேவாலயக் கூடத்திலோ பள்ளி அறையிலோ நடப்பதால் மதக் கூட்டம் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். எல்லா மதத்தாரும் அங்கே உட்காருகிறார்கள். இணையத்தில் ஏ.ஏ. இந்தியாவின் கூட்டப் பட்டியலில் கோயம்புத்தூர் பக்கத்தைத் தேடுங்கள். இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால் கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லை தாண்டினால் மொழிக் கவலையும் தீரும், தெரிந்த முகம் எதிரே வருமோ என்ற அச்சமும் குறையும்.

இன்னொன்று. எல்லை நமக்கு உதவுவது போலவே கெடுக்கவும் செய்யும். கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மதுக்கடை மூடியிருக்கும். அன்றைக்குத்தான் கூட்டாளிகள் "வா, அந்தப் பக்கம் போய்விட்டு வரலாம்" என்று வண்டியோடு வந்து நிற்பார்கள். அந்த நாளில் எங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதை முந்தின வாரமே முடிவு செய்துவிடுங்கள். கூட்டத்திற்கு வரும்போது பேருந்து நிலையத்தின் அருகே டாஸ்மாக் இருந்தால் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்து வாருங்கள். முதல் ஆறு மாதம் நான் அப்படித்தான் நடந்தேன். தோப்பில் காலையும் மாலையும் கள் இறக்கும் நேரத்தில் உங்களை வேறு பக்கம் விடும்படி முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் பலர் மறுப்பதில்லை.

ஒரு மனைவி:
அண்ணா, உங்கள் மனைவிக்கும் துணை வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்று தனிக் கூட்டங்கள் 1951 முதல் இருக்கின்றன. அது தெரியாத காலத்தில், "குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கலாம்" என்ற விளம்பரத்தை நம்பி என் மாமியார் ஒரு பொடியை வாங்கிக் கலந்துவிட்டார். அன்று இரவு குடித்த என் கணவருக்கு முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, பிழைப்பாரா என்றே பயந்துபோனோம். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை மதுவோடு சேர்ந்தால் இப்படித்தான் செய்யும் என்றும், உட்கொள்பவருக்குத் தெரிந்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் அதைத் தர வேண்டும் என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டோம். உங்கள் வீட்டில் அன்பினால்கூட யாரும் அப்படிச் செய்துவிட வேண்டாம்.

செவிலியர்:
கூட்டத்தில் சேர்ந்தாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒருவேளை மீண்டும் தினசரிக் குடியில் விழுந்துவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே திடீரென நிறுத்தவும் கூடாது. முதல் இரண்டு நாட்களில் வலிப்பும் அதையடுத்துப் பிதற்றலும் வரக்கூடும், அது உயிருக்கே ஆபத்து. நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். கேரள அரசின் விமுக்தி திட்டத்தின் உதவி எண் 14405. மத்திய அரசின் போதை மீட்பு எண் 14446. மனம் தளரும் இரவுகளில் டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம், அதில் தமிழிலேயே பேசலாம்.

தோப்புவேலை:
எல்லோருக்கும் நன்றி. கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டேன், தமிழில்தான் நடக்குமாம். முதலாளியிடமும் இன்று காலை சொன்னேன். தேங்காய் உரிக்கும் களத்திற்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு சந்தேகம். மனைவியும் உடன் வருகிறேன் என்கிறாள். அழைத்து வரலாமா?

பொள்ளாச்சிக்காரர்:
தாராளமாக அழைத்து வாருங்கள், தம்பி. அன்று நடப்பது திறந்த கூட்டமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய கூட்டமென்றால் குடிநோயாளிகள் மட்டுமே உள்ளே உட்கார முடியும்.