ஓர்க்கா பார்க்கப் போன நாள்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

மழைக்கோட்டு

சியாட்டில்காரர்களுக்கு இடமெல்லாம் விளக்க வேண்டாம். போன ஆகஸ்ட், அனகோர்ட்டஸிலிருந்து படகு. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட. பாறைமேல் உருண்டு கிடந்த கடற்சிங்கங்கள், கழுகு, இரண்டு கடற்பன்றி எல்லாம் பார்த்தாயிற்று. ரொசாரியோ நீரிணையில் ஐந்து ஓர்க்கா, கொலைகாரத் திமிங்கிலம் என்பார்களே அது. பிக்ஸ் வகை, அதாவது மீனைத் தொடாமல் சீல், கடற்பன்றி என்று வேட்டையாடுகிறவை. பெரிய ஆணின் முதுகுத்துடுப்பு ஆள் உயரம் இருந்தது. அது மூச்சு விட்டபோது, குக்கர் வெயிட்டைத் தூக்கின மாதிரி இருக்கு என்றார் அம்மா.

படகோட்டி என்ஜினை அணைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் படகுக்குப் பின்னால் ஒரு சீல் தலையைத் தூக்கியது. நேராக எங்களிடம் வந்து, ஏறி இறங்குகிற தட்டில் முன்துடுப்பு இரண்டையும் போட்டுக்கொண்டது. நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு முழம் இருக்கும். மீசை முடி ஒவ்வொன்றிலும் தண்ணீர் சொட்டுகிறது. மூக்குத் துளை மூடி மூடித் திறக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்வது தோலுக்கு மேலேயே தெரிந்தது.

"யய்யா, அதத் தூக்கி உள்ள போடச் சொல்லு" என்றார் அம்மா. படகுப் பெண்ணிடம் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டாள். 1972-லிருந்து சட்டம், கடல் பாலூட்டியைத் தொடக்கூடாது. ஏற்றவும் கூடாது, விரட்டவும் கூடாது. அது பக்கத்தில் இருக்கும்வரை என்ஜினையும் போட முடியாது. அப்படியே மிதந்தோம். பிறகு ஒரு அலை தட்டைத் தூக்கி இறக்கியது, சீல் வழுக்கிவிட்டது.

அம்மா கண்ணை மூடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூடவில்லை. "தப்பிச்சுப் போயிட்டும்மா" என்றேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்கிறார்: "அந்தக் குட்டி நெசமாவே போயிட்டாய்யா?"

தொலைநோக்கி

வருத்தமான கதைதான். ஆனால் உங்கள் படகு ஏன் அவ்வளவு கிட்டே போனது? வாஷிங்டன் மாநிலத்தில் 2025 ஜனவரியிலிருந்து ஆயிரம் யார்டு தள்ளி நிற்க வேண்டும் என்று சட்டம். டிக்கெட் விற்றாகிவிட்டால் சட்டமெல்லாம் கடலோடு போய்விடும் போல.

சால்மன்குழம்பு

தொலைநோக்கி, பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆயிரம் யார்டு என்பது தெற்கு ரெசிடென்ட் என்கிற ஓர்க்கா கூட்டங்களுக்கு, அதாவது ஜே, கே, எல் மூன்றுக்கும். அவை சினூக் சால்மனை நம்பிப் பிழைக்கிறவை, எண்பதுகூட மிச்சமில்லை. 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்து மீனைத் தேடும். படகு இரைச்சலில் அந்த எதிரொலி கேட்காமல் போகிறது, அதனால்தான் அத்தனை தூரம். பிக்ஸ் கதையே வேறு. சீலுக்குக் காது கூர்மை என்பதால் வேட்டையின்போது இவை பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை. ஒரே கடல்தான், ஆனால் இரண்டு வகையும் ஒன்றோடொன்று சேருவதில்லை. பிக்ஸிடமிருந்து 200 யார்டு விட்டால் போதும். என்ஜினை அணைத்து நிற்கிற படகிடம் சீல் தானாக வந்தால் யார் என்ன செய்ய முடியும்?

என் கதை சின்னது. 2018 ஆகஸ்ட் தொடக்கம், சான் வான் தீவில் லைம் கில்ன் கலங்கரை விளக்கத்தடியில் நான்கு மணிநேரம் நின்றேன். ஜே35 என்கிற தாய் ஓர்க்கா செத்துப்போன குட்டியைத் தலையால் தாங்கிக்கொண்டு 17 நாள் அலைந்ததே, அதே சமயம். கடைசியில் பத்து நிமிடம் ஒரு கூட்டம் கடந்து போனது. ஜே35 அதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு துடுப்பு எழும்போதும் கரையில் நின்ற அத்தனை பேரும் அதைத்தான் தேடினோம். பக்கத்தில் நின்ற கிழவர் கேமராவை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

இருட்டுச்சூரியன்

நான் நோர்வே. இங்கே ஓர்க்காவுக்கு ஸ்பெக்ஹோக்கர் என்று பெயர், கொழுப்பைக் கொத்துகிறவன் என்று அர்த்தம். ஆனால் நான் பார்த்தவை ஹெர்ரிங் மீன்தான் தின்றன, பயப்பட ஒன்றுமில்லை!

டிசம்பரில் வடக்கே ஷெர்வோய்க்குப் போனோம். சூரியன் எழும்பாத காலம். பகல் பதினொரு மணிக்கும் ஒரு நீல வெளிச்சம் மட்டும்தான். ஓர்க்காக்கள் மீனைச் சுற்றிச் சுற்றி வந்து பந்துபோல ஒடுக்கி, வாலால் ஒரு அடி. மயங்கின மீனை ஒவ்வொன்றாக, வடிவாக எடுத்துச் சாப்பிடும். இத்தனை பாடும் பட்டு முடிகிற நேரம் பார்த்து, அடியிலிருந்து ஒரு ஹம்ப்பேக் திமிங்கிலம் வாயைப் பிளந்துகொண்டு வந்து மிச்சத்தை ஒரே வாயில் அள்ளிவிட்டது. சமையலுக்குக் கை கொடுக்காமல் முதல் பந்திக்கு வந்து குந்துகிற ஆட்கள் எங்கட ஊரிலும் உண்டுதானே.

தண்ணீர் முழுக்கச் செதில் மினுங்கியது. கையுறையைக் கழற்றிக் கையை விட்டுப் பார்த்தேன், விரலெல்லாம் செதில். ஒஸ்லோவுக்குத் திரும்பி மூன்று மாதம் கழித்து ஜாக்கெட் ஜிப்பில் ஒன்று ஒட்டியிருந்தது. அதை எறிய மனம் வரவில்லை.

அவோமின் அண்ணா

இலங்கையில் மிரிஸ்ஸா, 2019 பிப்ரவரி. நீலத்திமிங்கிலம் வாலைத் தூக்கியபோது நான் பாலிதீன் பைக்குள் தலையை விட்டிருந்தேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆகவே புதிதாகப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறியபின் போட்டுப் பயனில்லை, ஒரு மணிநேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், திரும்பும்போது வண்டி ஓட்டாதீர்கள். வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது. இரண்டு இட்லி, சட்னி இல்லாமல். மேல்தளத்தில் காட்சி நன்றாக இருக்கும் என்று ஏறாதீர்கள், ஆட்டம் அங்கேதான் அதிகம். நடுவில், கீழே, காற்றுப் படும் இடத்தில் உட்காருங்கள். பார்வை அடிவானத்தில் இருக்கட்டும். பைனாகுலரை ஒரு நிமிடத்துக்கு மேல் கண்ணில் வைத்தால் முடிந்தது கதை. போனையும் குனிந்து பார்க்கக் கூடாது. இஞ்சி மிட்டாய் நல்லது. டீசல் புகை வருகிற பக்கம் நிற்காதீர்கள். வாந்தி வந்தால் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும் ஓரத்துக்குப் போங்கள், எதிர்க்காற்றில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், கூச்சப்படாதீர்கள்.

சால்மன்குழம்பு

அண்ணா, இங்கே யாரும் இதைக் கேட்கவில்லை. (இட்லி யோசனைக்கு நன்றி.)

தொலைநோக்கி

சரி, தூரம் விஷயத்தில் என் தவறு. மழைக்கோட்டு, அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வாராவாரம் கேட்கிறார் என்றால் அவருக்கே சந்தேகம் இருக்கிறது.

மழைக்கோட்டு

சொல்லிவிட்டேன், நேற்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு கேட்டார்: "அப்போ எல்லாரும் கைதட்டுனாங்களே, அதுக்குத்தானா?"

ஆமாம்மா என்றேன். நானும் தட்டினேன் என்பதை இன்னும் சொல்லவில்லை.