வார்ஹால் - பாஸ்கியா படங்கள் அச்சில் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. கொழிஞ்சாம்பாறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்க ஓவியர்களான ஆண்டி வார்ஹாலும் ழான்-மிஷேல் பாஸ்கியாவும் 1984, 85-இல் நியூயார்க்கில் சேர்ந்து வரைந்த படங்களை என் மாணவிகள் இருவருக்குப் போனில் காட்டினேன். ஒரே துணியில் தாங்களும் சேர்ந்து வரைய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

அவர்களைப் பிடித்து உலுக்கியது ‘ஆர்ம் அண்ட் ஹேமர் 2’. சமையல் சோடா டப்பாவின் முத்திரையை வார்ஹால் இரண்டு வட்டங்களாக வரைந்தார். ஒரு வட்டத்தில் சுத்தியல் பிடித்த கை அப்படியே இருக்கிறது. இன்னொன்றின் மேல் பாஸ்கியா, சாக்ஸபோன் வாசிக்கும் கறுப்பு மனிதரை நாணயத்தில் பொறித்த தலைபோல வரைந்துவிட்டார். பெரும்பாலும் வார்ஹால் தொடங்குவார், அதன் மேல் பாஸ்கியா கைவைப்பார். இளையவர் அழிக்க அழிக்க மூத்தவர் இடம்கொடுத்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

போன் திரையில் தூரிகைத் தடம் தெரிவதில்லை. பாலக்காடு, பொள்ளாச்சி, கோவைப் பக்கம் யாரிடமாவது இந்தப் படங்கள் உள்ள புத்தகம் இருந்தால் ஒரு வாரம் இரவல் தாருங்கள். நானே வந்து வாங்கி, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். போஸ்டர் கலர் மேல் ஈரத் தூரிகை பட்டால் அடி வண்ணம் கரைந்து வருகிறது. அதனால் காய்ந்தபின் கரையாத அக்ரிலிக் வண்ணம்தான். காடாத்துணியில் சுவர் பிரைமர் அடித்து அதன் மேல் வரைந்தால் வெடிக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கான்வாஸ் மீட்டர் கணக்கில் கோவையில் எங்கே மலிவாகக் கிடைக்கும்?